முகக்கவசம் தைத்த கரங்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நம் பள்ளிவாசலின் கதவுகளும் அடைக்கப்பட்டன. கடைகளில் முகக்கவசம் கிடைக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில், வீட்டில் தைத்த துணிக்கவசங்களை அணியுமாறு மத்திய அரசு பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. உடனே நம் மஹல்லாவின் சகோதரிகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர்.

பருத்தித் துணியை உப்பிட்ட கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, இரண்டு மடிப்பாகத் தைத்தனர். எலாஸ்டிக் கிடைக்காதபோது பழைய புடவையைக் கிழித்து நாடாவாக்கினர். தூய்மைப் பணியாளர், காய்கறி வியாபாரிகள் என அனைத்துச் சமயத்தாருக்கும் நம் இளைஞர்கள் அவற்றை வழங்கினர். அணிந்தவரைக் காட்டிலும் அண்டை அயலாரைக் காத்த கவசம் அது.

பாராட்டு நம் ஜமாஅத்துக்கு வந்தது. ஆயினும் ஓர் உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். பெருநாள் உடைகளும் பள்ளிச் சீருடைகளும் தைத்தே அச்சகோதரிகளுள் பலர் குடும்பம் நடத்தி வந்தனர். அவ்வாண்டு ரமளானில் அந்த வருவாய் நின்றுபோயிற்று. துணிக்கும் நூலுக்கும் நாம் பணம் கொடுத்தோம். தையற்கூலியைக் கேட்க அவர்கள் கூசினர்; கொடுக்க நாம் மறந்தோம்.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். மறுமையில் அவர்களுக்கு நற்கூலி உண்டு என்பதால் இம்மையில் நம் கடன் தீர்ந்துவிடாது. எனவே, மதரஸா பிள்ளைகளின் சீருடை உட்பட ஜமாஅத்தின் தையற்பணி அனைத்தையும் உரிய கூலியுடன் இச்சகோதரிகளிடமே ஒப்படைக்குமாறு இப்பொதுக்கூட்டத்தை வேண்டுகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் குறைகளை மன்னித்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.