முன்னாள் படைவீரரின் முதுமையும் நமது ஜமாஅத் ஏடுகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பட்ட உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

பொதுக்குழு என்றால் வரவு செலவும் பள்ளிவாசல் பணிகளும் பேசப்படுவது வழக்கம். அவற்றோடு சேர்த்து, இராணுவத்தில் பணியாற்றித் திரும்பி இன்று முதுமையில் இருக்கும் நம் பெரியவர்களையும், அவர்களை இழந்து வாழும் விதவைத் தாய்மார்களையும் பற்றி இன்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. படுக்கையில் விழுந்த ஒருவரைப் பராமரிக்க மருந்தும் உணவும் மட்டும் போதா. உடனிருக்க ஓர் ஆளும் வேண்டும். இதற்கு அரசு வழங்கும் உதவிகள் பல உண்டு. ஆனால் அவற்றின் வாசலில் காவல் நிற்பது காகிதம். காகிதம் சரியாக இல்லையெனில் உரிமை இருந்தும் உதவி வந்து சேர்வதில்லை.

முதலில் உதவிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். சிப்பாய் நிலையிலிருந்து பணியாற்றியோர்க்குப் பொதுவாக 15 ஆண்டுப் பணி இருந்தால் ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியம் பெறுவோர் 80 வயதை எட்டினால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். 85 வயதில் 30, 90 வயதில் 40, 95 வயதில் 50 என உயர்ந்து, 100 வயதில் ஓய்வூதியம் இரட்டிப்பாகிறது. குடும்ப ஓய்வூதியம் பெறும் விதவையர்க்கும் இதே கணக்குதான். படைப்பணியால் 100 விழுக்காடு ஊனமுற்று, பிறர் துணையின்றி இயங்க இயலாதவர் என மருத்துவ வாரியம் பரிந்துரைத்தால், உதவியாளர் படி தனியே உண்டு. 2003 ஏப்ரல் 1 முதல் நடைபெறும் முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தில் (இ.சி.எச்.எஸ்.) உறுப்பினர் அட்டை பெற்றோர்க்கும், அவரைச் சார்ந்த குடும்பத்தார்க்கும் மருத்துவ உதவி கிடைக்கிறது.

ஓய்வூதியமே இல்லாமல் இடையில் பணியிலிருந்து வந்தோரின் நிலை என்ன? அவர்களுக்கும் வழி இருக்கிறது. 65 வயது கடந்து, நிலையான வருமானமில்லாத, ஹவில்தார் நிலை வரையிலான முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் விதவையர்க்கும் மத்திய பாதுகாப்பு அமைச்சகம் வறுமை நிவாரண நிதி வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாளில் நாம் அளிக்கும் நன்கொடைகள் சேரும் நிதியத்தின் ஒரு பிரிவிலிருந்தே இது வழங்கப்படுகிறது. ஆதலால் இதனைப் பிச்சையென எண்ணி எவரும் கூச வேண்டியதில்லை.

இனித் தடைகளைப் பார்ப்போம். அவை பெரும்பாலும் மிகச் சிறியவை; ஆனால் பல மாதங்களை விழுங்கக் கூடியவை.

முதல் தடை பெயர். நமது வழக்கில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும். படைப் பதிவேட்டிலோ அது முழுப்பெயராக விரிந்து பின்னால் ஒட்டிக்கொள்ளும். ‘காதர்’ என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். மனைவியின் பெயர் ஓர் ஆவணத்தில் ‘பீவி’ என்றும் மற்றொன்றில் ‘பேகம்’ என்றும் இருக்கும். நமக்கு இவை ஒன்றே. ஆனால் படைத்துறை ஓய்வூதியம் இன்று ‘ஸ்பர்ஷ்’ எனும் கணினி முறைக்கு மாறியுள்ளது. கணினிக்கு ஓரெழுத்து மாறினாலும் அவர் வேறொருவர்.

இரண்டாவது தடை ஊர். நமது தா.பழூர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. 1995 வரை நாம் திருச்சிராப்பள்ளி மாவட்டம். பின்னர்ப் பெரம்பலூர். 2001இல் அரியலூர். 2002இல் மீண்டும் பெரம்பலூர். 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் அரியலூர். எனவே 1970களில் படையில் சேர்ந்த ஒருவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு மாவட்டமும், ஓய்வூதிய ஆணையில் வேறொரு மாவட்டமும், ஆதாரில் இன்னொரு மாவட்டமும் இருப்பது இயல்பு. எங்கோ நாசிக்கிலோ ஜபல்பூரிலோ உள்ள படைப் பதிவு அலுவலகத்தின் எழுத்தருக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க நியாயமில்லை. விண்ணப்பத்துடன் இதனை விளக்கி ஒரு வரி எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் இணைப்பது நன்று.

மூன்றாவது தடையே மிகவும் வருந்தத்தக்கது. மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் படைப் பதிவேட்டில் ஏறாமலே கணவர் மௌத்தாகிவிடுவது. பெயர் ஏறாவிடில் குடும்ப ஓய்வூதியம் தாமதப்படும். பிறந்த தேதி ஏறாவிடில், 80 வயதில் சேர வேண்டிய கூடுதல் தொகை கேட்பாரற்று நின்றுவிடும். ஊனமுற்ற பிள்ளை இருந்தால், பெற்றோருக்குப் பின் அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழியுண்டு. அப்பிள்ளையின் பெயரும் மருத்துவச் சான்றும் தந்தை உயிரோடிருக்கும்போதே பதிவாகிவிடுவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

இவ்விடத்தில்தான் ஜமாஅத்தின் பொறுப்பு வருகிறது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நிக்காஹ்களுக்குப் பெரும்பாலும் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடே எழுத்துச் சாட்சி. அப்பதிவேட்டின் ஒரு பக்கம் கறையான் அரித்துப் போனால், ஒரு விதவையின் முதுமை ஆதரவற்றுப் போகலாம். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும், சாட்சிகளைப் பற்றியும், எழுதுபவரின் கடமையைப் பற்றியும் பேசுவது என்பதை ஹஸ்ரத் அவர்கள் நமக்குப் பலமுறை நினைவூட்டியிருக்கிறார்கள். ஏடு ஓர் அமானிதம்.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று மூண்ட தீயில் 1 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் அழிந்தன. அதன் பிறகு முதியோர் பராமரிப்பு உதவி கேட்டு விண்ணப்பித்த பலருக்கு, வீட்டுப் பெட்டியில் இருந்த விடுவிப்புத் தாளே கைகொடுத்தது. வல்லரசின் ஏட்டுக்கே இந்நிலை என்றால், நம் வீட்டுப் பெட்டியிலும் பள்ளிவாசல் அலமாரியிலும் நகல்கள் இருப்பது எத்துணை அவசியம்!

மௌத்து நேர்ந்த வீட்டிலும் கவனம் வேண்டும். நாம் ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்கிறோம். அது நல்ல சுன்னத்து. ஆனால் வீட்டில் மௌத்தாகி நமது மையவாடியில் அடக்கமானவரின் இறப்பைப் பதிவு செய்ய மறந்துவிடுகிறோம். 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்துவிட்டால் சிரமமில்லை. அதன் பின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதைக் குடும்பத்தார் அறவே தவிர்க்க வேண்டும். அது நமக்குரிய பணமன்று. பின்னாளில் பிடித்தமும் செய்யப்படும். விதவையார் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பார். அதுவரை காகிதங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மகனோ சகோதரரோ சான்றுகளைத் திரட்டலாம். கையொப்பத்தை வீட்டிலேயே பெறலாம். ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றையும் இன்று தபால்காரர் வீடு தேடி வந்து பதிவு செய்கிறார். நடமாட இயலாத பெரியவர்களைக் காரில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டிய காலம் போய்விட்டது.

எனவே ஜமாஅத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, பழைய நிக்காஹ் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேட்டையும் பக்கம் பக்கமாக நகலெடுத்துப் பாதுகாக்க வேண்டும். இரண்டு, நம் மஹல்லாவிலுள்ள முன்னாள் படைவீரர்கள், அவர்தம் விதவையர் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பெயரும் தேதியும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஒவ்வாதவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகத் திருத்தலாம். மூன்று, படித்த இளைஞர் இருவர் இப்பெரியவர்களுடன் அலுவலகங்களுக்குத் துணையாகச் செல்ல முன்வர வேண்டும். வறுமை நிவாரண விண்ணப்பத்திற்குத் தரகர் தேவையில்லை; கட்டணமும் இல்லை.

சகோதரர்களே! பனியிலும் பாலையிலும் காவல் நின்றவர்கள் இன்று ஒரு காகிதத்திற்காக வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நாம் நிற்போம். சதகா என்பது பொருளால் மட்டுமன்று. ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தருவதும் சதகாவே. இப்பணியை நம் அனைவருக்கும் எளிதாக்கி, ஈருலகிலும் நற்கூலி வழங்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.