படிப்பு வேலை தரும். பழக்கம்தான் வாழ வைக்கும்!

சிரிக்க வைத்தே சிந்திக்க வைக்கும் நடுவர் அவர்களே! பட்டங்களைச் சுமந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கும் எதிரணி அறிஞர்களே! கையில் காபி டம்ளரோடு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

வெளிநாடு போகிற ஆசிரியருக்குக் கை கொடுப்பது படித்த படிப்பா, பழகும் பண்பா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர், "எம்.ஏ., பி.எட். இல்லாமல் விசாவே கிடைக்காது"ன்னு முழங்கிட்டுப் போனார். ஐயா, விசா விமானத்தை விட்டு இறங்குற வரைக்கும்தான். இறங்கினதுக்கு அப்புறம்? அதைத்தான் நான் பேச வந்திருக்கேன்.

நான் 2009-ல் மாலத்தீவுக்கு ஆங்கில ஆசிரியையாகப் போனவள். மொத்தம் சுமார் 1,200 தீவுகள். ஜனங்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். எனக்கு வாய்த்தது, இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் "என்ன டீச்சர்?"னு கேட்கிற அளவுக்குச் சின்னத் தீவு! (சிரிப்பு)

பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில். பிள்ளைகள் வீட்டில் பேசுவது திவேகி. அதை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். ஒரே பையில் ஒரு நோட்டு இந்தப் பக்கம் திறக்கும், இன்னொன்று அந்தப் பக்கம் திறக்கும்! வார விடுமுறை வெள்ளியும் சனியும். இங்கே நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஞாயிற்றுக்கிழமை, அங்கே நான் கரும்பலகை முன்னால் நிற்பேன்.

பாடத்தில் மலை வரும், ரயில் வரும். நடுவர் அவர்களே, அந்த நாட்டில் ரயிலே கிடையாது. இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே சுமார் 2.4 மீட்டர். நம்ம வீட்டு மொட்டை மாடி அதைவிட உயரம்! இந்தப் பிள்ளைகளுக்கு மலையை எப்படி விளக்குறது? என் எம்.ஏ.வில் அதுக்குப் பதில் இல்லை. வழி சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. "பிள்ளைகளைப் படகுத்துறைக்குக் கூட்டிட்டுப் போங்க, தெரிஞ்சதுல இருந்து ஆரம்பிங்க"ன்னாங்க. போனோம். வகுப்பில் வாயே திறக்காத பையன், அவன் அப்பா பிடித்த சூரை மீனைப் பற்றி ஆங்கிலத்தில் பேச ஆரம்பிச்சான். நிறுத்தவே இல்லை! (கைதட்டல்)

அந்த அக்காகிட்ட மொழியும் கத்துக்கிட்டேன். அக்காவுக்கு அங்கே "தத்தா"ன்னு பேர். பதினெட்டு வயசுப் பொண்ணை "தத்தா"ன்னு கூப்பிட்டதும், நம்ம ஊர்த் தாத்தா நினைவு வந்து எனக்குத் தலை சுத்திடுச்சு! சாயங்காலம் "ஜோலி"ன்னாங்க. ஏதோ வேலை சொல்றாங்கன்னு பார்த்தா, வாசலில் உட்கார்ற வலை நாற்காலிக்குப் பேர் ஜோலியாம். ஜோலியே இல்லாம உட்கார்றதுக்கு ஜோலி! (சிரிப்பு) ஆனா படகுக்கு "தோனி". நம்ம தோணி! மீனுக்கு "மஸ்". நம்ம தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாடு ஞாபகம் வரலையா? காது கொடுத்தால் அந்நிய ஊரும் அத்தை வீடாகிடும்.

என்னோடு வந்த ஓர் ஆசிரியை, என்னைவிட அதிகம் படித்தவர். பள்ளி விட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கிட்டு நாட்காட்டியில் நாளை எண்ணுவார். பாடம் நடத்துறதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாலே மாதத்தில் ஊர் திரும்பிட்டார். படிப்பு போதாமலா? இல்லை ஐயா, பேச ஆள் இல்லாமல்!

என் மகளை அம்மாகிட்ட விட்டுட்டுப் போயிருந்தேன். மறுவருஷம் ஜூன் மாதம், தென்மேற்குப் பருவக்காற்று. ஊரிலிருந்து போன். பிள்ளைக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கோம்னு சொல்றாங்க. கடல் சீறுது. படகு கிடையாது. சுத்தி நாலு பக்கமும் தண்ணீர், நடுவுல ஒரு தாய். எங்கே ஓடுவேன்? அந்தத் தத்தா வந்தாங்க. அவங்களுக்கு அரைகுறை ஆங்கிலம், எனக்கு அரைகுறை திவேகி. ஆறுதலுக்கு இலக்கணம் எதுக்கு? இரண்டு ராத்திரியும் என் பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்திருந்தாங்க. என் சர்டிபிகேட் எல்லாம் பெட்டிக்குள்ளே படுத்திருந்தது. (பலத்த கைதட்டல்) மூணாவது நாள் கடல் அடங்கினதும், அவங்க வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகாம, முதல் வேலையா என்னைத் தோணியில ஏத்தி விமானம் பிடிக்க அனுப்பினார். காசு நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

பிள்ளை பிழைச்சுக்கிட்டா. இன்னிக்குக் கல்லூரியில் படிக்கிறா.

படிப்பே வேண்டாம்னு நாங்கள் சொல்லலை. வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்றேன். பெட்டியில் ஊறுகாயை வையுங்கள், கூடவே அந்த ஊர் மொழியில் பத்து வார்த்தையும் வையுங்கள். கூப்பிட்ட வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடியுங்கள். வகுப்புக்குள்ளே ஆசிரியராக இருப்பவர், வாசலைத் தாண்டியதும் மாணவராக மாறணும். அந்தப் பணிவுக்குப் பேர்தான் பழகும் பண்பு. அதற்கே தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே!