பட்டா அத்தா பெயரில், மருமகள் தெருவிலா?

(உரையின் எழுத்து வடிவம்)



சேலம், நாமக்கல் பகுதியில் நம்மவர்கள் வாழும் முறை உங்களுக்குத் தெரியும். கீழே கடை, மாடியில் வீடு. பட்டா அத்தா பெயரிலோ மூத்த அண்ணன் பெயரிலோ இருக்கும். மகன் நிக்காஹ் முடித்து மனைவியை அங்கேதான் அழைத்து வருகிறான். பல வருடம் அவள் அந்த வீட்டில் உழைக்கிறாள், பிள்ளை பெறுகிறாள். பிணக்கு முற்றித் தலாக் பேச்சு வந்ததும் என்ன சொல்கிறார்கள்? "இது உன் புருஷன் வீடு இல்லை, எங்கள் வீடு. பெட்டியைக் கட்டு!"

சகோதரர்களே! பட்டா வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. மார்க்கமும் இதைத்தான் சொல்கிறது, நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது.

முதலில் மார்க்கம். அத்தலாக் அத்தியாயத்தின் முதல் வசனத்தை (65:1) எடுத்துப் பாருங்கள். இத்தா முடியும்வரை பெண்களை வெளியேற்றக் கூடாது என்கிறான் அல்லாஹ். பகிரங்கமான மானக்கேடு மட்டுமே விதிவிலக்கு. அந்த வீட்டைக் கணவனின் வீடு என்றோ மாமனாரின் வீடு என்றோ அவன் குறிப்பிடவில்லை. பெண்களின் வீடு என்றே குறிப்பிடுகிறான்! சொத்து அவள் பெயரில் இருப்பதாலா? இல்லை. அவள் குடியிருப்பதால் அது அவள் வீடு என்று ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கினார்கள். அவளை நெருக்கித் துன்புறுத்தக் கூடாது என்று ஆறாவது வசனம் தடுக்கிறது.

மீட்ட முடியாத தலாக்காக இருந்தாலும் இத்தா முடியும்வரை இருப்பிடம் உண்டு என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றே. செலவுத்தொகையில்தான் வேறுபாடு. இரவல் வீடாக இருந்து உரிமையாளர் திரும்பக் கேட்டால், வேறு இடம் பார்த்துக் கொடுப்பது கணவனின் கடமை.

இனி சட்டம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. இதன் 17ஆவது பிரிவுப்படி, குடியிருந்த வீட்டிலிருந்து பெண்ணைச் சட்ட நடவடிக்கையின்றி வெளியேற்ற முடியாது. ஆனால் 2006இல் பத்ரா வழக்கில், மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகள் அந்த உரிமையைக் கோர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 14 ஆண்டுகள் அதையே காட்டினார்கள். 15.10.2020 அன்று அஹூஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. டெல்லியில் மாமனார் பெயரிலிருந்த வீடு அது. கணவனின் உறவினர் வீடானாலும், அவள் அங்கே நிலையாகக் குடியிருந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த குடும்ப வீடே என்று தீர்ப்பளித்தது.

இதைத் தவறாகவும் புரிந்துகொள்ளாதீர்கள். வீட்டில் அவளுக்குப் பங்கு வந்துவிடாது. வயதான மாமனார், மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் பார்க்கும். அதே தரத்தில் வேறு வீடு கொடு, அல்லது வாடகை கொடு என்று கணவனுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

செல்போனில் மூன்று முறை தலாக் அனுப்பிவிட்டு, "எல்லாம் முடிந்தது, கிளம்பு" என்பவர்களும் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் மனைவிதான்!

முறையாகத் தலாக் ஆன பிறகு? நியாயமான வாழ்வாதார ஏற்பாட்டை இத்தாவுக்குள் கணவன் செய்தாக வேண்டும் என்கிறது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஏற்பாடு இத்தா நாட்களுக்கு மட்டுமல்ல, அவளுடைய எதிர்காலத்துக்கும் என்று 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதில் இருப்பிடமும் அடங்கும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பஞ்சாயத்தில் மஹரையும் நகையையும் சீர்ப் பாத்திரங்களையும் கணக்குப் பார்க்கிறோம். இன்றிரவு அவள் எங்கே படுப்பாள் என்று கேட்கிறோமா? தலாக் எழுதும் முன் அவள் இருப்பிடத்தை எழுதுங்கள். இத்தா எந்த வீட்டில், அதன்பின் எங்கே, வாடகை யார் பொறுப்பு, எவ்வளவு காலம் என்று எழுதி, மாமனாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

இளைஞர்களே! விரட்டப்பட்ட சகோதரி வந்தால் அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மாவட்டச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துச் செல்லுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 181 என்ற எண் இருக்கிறது.

கடைக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் விடிய விடியத் தேடும் சமுதாயம் நாம். நம் வீட்டுக்கு வந்த பெண்ணின் கணக்கையும் நேர் செய்வோம். மறுமையில் அதையும் கேட்பான் அல்லாஹ்!