தெருவிலே ஒரு தவம்



தவம் என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? காடு, புற்று, சடைமுடி, மூடிய விழி! ஊரைத் துறந்தவன் தவசி, ஊருக்காகப் போராடுபவன் வெறும் கலகக்காரன் என்றே நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றனர். ஆனால் தவத்துக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவர், காட்டையும் கேட்கவில்லை, காவியையும் கேட்கவில்லை. தனக்கு வரும் துன்பத்தைத் தாங்குதல், பிற உயிர்க்குத் துன்பம் இழைக்காதிருத்தல் ஆகிய இரண்டையே கேட்டார். அந்த இலக்கணத்தைக் கையிலேந்தி என்னுடன் வாருங்கள், அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்கு!

1959ஆம் ஆண்டு. அந்நகரக் கடைகளிலே கறுப்பின மக்கள் பொருள் வாங்கலாம். சிற்றுண்டி மேசையில் அமர்ந்து உண்ணல் ஆகாது. அவர்தம் காசுக்குத் தீட்டில்லை. காசு கொடுத்த கைக்குத்தான் தீட்டு! இந்த இழிவைத் துடைக்க முன்வந்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர். பின்னர் நம் நாட்டு நாகபுரியில் கல்லூரிப் பணியாற்றி, காந்தியாரின் அறப்போர் முறையைக் கற்றுத் திரும்பியவர்.

அவர் எடுத்த எடுப்பில் போர்முரசு கொட்டினாரா? இல்லை. தேவாலயம் ஒன்றின் நிலவறையில் மாணவர்களைக் கூட்டினார். ஒரு சாரார் வெறியர்போல் நடித்து வசை பொழிந்தனர். இருக்கையிலிருந்து இழுத்துத் தள்ளினர். மறு சாரார் கை ஓங்காமல், கடுஞ்சொல் கூறாமல் அமர்ந்திருக்கப் பழகினர். வாரந்தோறும் நடந்தது இந்தப் பயிற்சி!

1960 பிப்ரவரி 13 அன்று நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் அந்த மேசைகளின் முன் அமைதியாக அமர்ந்தனர். 27ஆம் நாள் வெறியர்கள் பாய்ந்தனர். அடித்தவரை விட்டு அடிபட்டவரைப் பிடித்தது காவல்துறை. ஏறத்தாழ 80 பேர் கைதாயினர். ஒரு வரிசை எழுந்து சிறைக்குச் செல்ல, அடுத்த வரிசை அதே இருக்கைகளில் வந்தமர்ந்தது!

லாசனை அவர் பயின்ற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. ஏப்ரல் 19 அன்று, மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீடு வெடிகுண்டால் சிதைந்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகரமன்றம் நோக்கி நடந்தனர், வாய் திறவாமல்! நிறத்தின் பெயரால் மனிதரை ஒதுக்குவது முறையா என்று டயான் நாஷ் என்னும் மாணவி மேயரைக் கேட்டார். முறையன்று என்று ஒப்பினார் மேயர். மே 10ஆம் நாள், 6 கடைகளின் மேசைகள் அனைவருக்கும் திறந்தன. லாசனை வெளியேற்றிய பல்கலைக்கழகமே 2006ஆம் ஆண்டு அவரைப் பேராசிரியராக அழைத்தது.

பொறுமை கோழையின் குணம் அன்றோ என்பீர்கள். தோழர்களே, அநீதியைப் பொறுத்தல் கோழைத்தனம். அநீதியை எதிர்த்து நிற்கையில் விழும் அடியைப் பொறுத்தல் வீரம். முன்னது அடிமைத்தனம், பின்னதே தவம்!

நம்மிடம் கொடி உண்டு, கொள்கை உண்டு, குரலும் உண்டு. மாற்றான் ஒருவன் இழிசொல் வீசும்போது நம் நாவை அடக்கும் பயிற்சி உண்டா? நம் கையிலிருந்து பறக்கும் ஒரே ஒரு கல், நம் கோரிக்கையின் நியாயத்தை மறைத்துவிடும். அடக்குமுறையாளன் காத்திருப்பது அந்தக் கல்லுக்காகத்தான்!

எனவே அடுத்த மறியலுக்குப் புறப்படுமுன், கிளைதோறும் கூடுங்கள். ஒருவரையொருவர் சோதியுங்கள். வெளியே உள்ள கொடுமையை வெல்லப் போகிறவன், உள்ளே உள்ள சினத்தை முதலில் வெல்லட்டும்!