பிறப்புக் கேள்வியும் ஓட்டுப் பெட்டியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ட் என்னும் தேசத்தில் 2010-ஆம் வருஷக் கடைசி முதல் 2011-ஆம் வருஷக் கடைசி வரையில் நடந்த சங்கதியாகும். "எங்கேயோ நடந்த சண்டை நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பிறப்பைக் கேட்டு மனிதனைத் தள்ளிவைக்கும் வழக்கம் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அதன் பலன் ஒன்றுதான் என்பதை அறிவதற்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

தோழர்களே! உலகத்தில் கோகோ அதிகமாய் விளைவது அந்தத் தேசத்தில்தான். அங்குள்ள தோட்டங்களில் பாடுபட, வடக்கேயுள்ள பர்க்கினா பாசோ, மாலி முதலிய தேசங்களிலிருந்து லக்ஷக்கணக்கான ஏழைகள் வந்தார்கள். 1960-இல் சுதந்தரம் வந்தது முதல் 1993-இல் சாகும்வரை ஜனாதிபதியாயிருந்த ஊப்வே புவாஞி, பயிர் செய்கிறவனுக்கே நிலம் என்று சொல்லி அவர்களை வரவேற்றார். 1980-களின் கடைசியில் கோகோ விலை விழுந்தது. குடியானவனுக்குச் சர்க்கார் கொடுத்துவந்த விலை பாதியாய்க் குறைக்கப்பட்டது. அதே சமயத்தில் யாமுசுக்ரோ என்னும் ஊரில், ரோமாபுரிக் கோவிலைப்போல் ஒரு மாபெரும் மாதா கோவிலைக் கட்டி, 1990-இல் போப்பை அழைத்துவந்து சடங்கு நடத்தினார்கள். அதற்குச் "சமாதான மாதா கோவில்" என்று பெயர். சமாதானம் வந்த லக்ஷணத்தை இனிப் பாருங்கள்.

வயிறு காயும்போது ஜனங்கள் கேட்கவேண்டிய கேள்வி, "எங்கள் உழைப்பின் லாபம் எங்கே போயிற்று?" என்பதாகும். ஆனால் கிளப்பிவிடப்பட்ட கேள்வியோ, "உன் தகப்பன் எந்த ஊர்? தாய் எந்த ஊர்?" என்பது. புவாஞிக்குப் பின்வந்த பெதியே, "இவ்வாரிதே", அதாவது சுத்தமான ஐவரி கோஸ்ட்காரத் தன்மை, என்று அதற்கொரு பெயர் வைத்துப் பரப்பினார். தாயும் தகப்பனும் பிறப்பாலேயே ஐவரி கோஸ்ட்காரர்களாயிருந்தால்தான் ஜனாதிபதி ஸ்தானத்துக்கு நிற்கலாம் என்று 1994-இல் சட்டமும் செய்யப்பட்டது. வடக்கத்தியரான வத்தாரா இதனால் தடுக்கப்பட்டார். அவர் 1990 முதல் 1993 வரை அதே தேசத்தின் பிரதம மந்திரியாயிருந்தவர்! மந்திரி உத்தியோகம் பார்க்கும்போது இல்லாத தீட்டு, ஓட்டுக் கேட்கும்போது எங்கிருந்து வந்தது?

அன்றியும், எல்லையென்பதுதான் என்ன? பர்க்கினா பாசோவின் பெரும்பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் 1932-இல் ஐவரி கோஸ்டோடு சேர்த்தார்கள், 1947-இல் பிரித்தார்கள். வெள்ளைக்காரன் பேனாவால் கிழித்த கோட்டை வைத்துக்கொண்டு ஒருவன் சுத்தன், ஒருவன் அந்நியன் என்றால் இதில் அறிவென்ன இருக்கின்றது?

2002-இல் வடக்கில் கலகம் மூண்டு தேசம் இரண்டாயிற்று. 2005-இல் நடக்கவேண்டிய தேர்தல் 2010-இல்தான் நடந்தது. நவம்பர் 28-ந் தேதி கடைசிச் சுற்றில், ஜனாதிபதியாயிருந்த பக்போவும் வத்தாராவும் நின்றார்கள். வத்தாராவுக்கு 100-க்கு 54 ஓட்டு என்று தேர்தல் கமிஷன் சொல்லிற்று. மறுநாளே, பக்போவுக்கு வேண்டியவரைத் தலைவராகக் கொண்ட அரசியல் சட்ட சபை, வடக்கே 7 ஜில்லாக்களின் ஓட்டுகளைத் தள்ளிவிட்டு, பக்போவே ஜெயித்தார் என்றது. தேர்தல் கெட்டிருந்தால் மறுதேர்தல் வைக்கச் சட்டத்தில் வழியிருந்தது. வடக்கத்தியான் ஓட்டை மட்டும் கிள்ளியெறிய எந்தச் சட்டத்தில் இடமிருந்தது? டிசம்பர் 4-ந் தேதி இருவருமே பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தேசம், இரண்டு ஜனாதிபதிகள்!

பிறகு பாங்கிகள் மூடப்பட்டன. கோகோ ஏற்றுமதி நின்றது. 2011 மார்ச்சு 3-ந் தேதி, அபிஜான் நகரத்து அபோபோவில், "பக்போவே, விலகு" என்று ஆயுதமின்றி ஊர்வலம் போன பெண்கள் மீது பட்டாளத்தார் சுட்டதில் 7 பெண்கள் மாண்டார்கள். அந்த மாதக் கடைசியில் துயெகுவே என்ற ஊரைப் பிடித்த வத்தாரா பக்ஷத்துப் படையினர், பக்போவுக்கு வேண்டிய வகுப்பாரென்று நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். ஐக்கிய நாட்டுச் சபை, பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள் குண்டு போட்டபின், ஏப்ரல் 11-ல் பக்போ பிடிபட்டார். அதற்குள் மாண்டவர் சுமார் 3,000 பேர். வீடிழந்து ஓடியவர் சுமார் 10 லக்ஷம் பேர். இவர்களில் எத்தனை பேர் மந்திரிகள்? எத்தனை பேர் தோட்ட முதலாளிகள்? கூலிக்காரனும் குடியானவனும், கடைத்தெருவில் கூடை வைத்திருந்தவளுமே செத்தார்கள்.

நவம்பரில் பக்போ ஹேக் நகரத்துச் சர்வதேசக் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டார். 2019-இல் விடுதலையானார், 2021-இல் அது உறுதியாயிற்று. வத்தாரா பக்ஷத்துக் கொலைகாரர்களோ அந்தக் கோர்ட்டில் ஏறவேயில்லை. செத்தவர்களுக்காக அந்தக் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை.

வேடிக்கையைக் கேளுங்கள்! பெதியேயின் கட்சிக்குப் பின்னாளில் தலைவரான தியாம் என்பவர், பிரெஞ்சுப் பிரஜையாகியிருந்தவர் என்று சொல்லி, 2025-இல் வத்தாராவின் ஆட்சியில் ஓட்டர் ஜாப்தாவிலிருந்து நீக்கப்பட்டார். முன் தடுக்கப்பட்டவர் ஆட்சியில், தடுத்தவர் கட்சிக்கே தடை! ஆள்தான் மாறினாரேயொழிய, கேள்வி மாறவில்லை.

ஆகவே தோழர்களே! "நீ யார் வயிற்றில் பிறந்தாய்?" என்று கேட்கிறவன் எந்தக் கட்சிக்காரனானாலும், அவன் உங்கள் சோற்றுக் கேள்வியை மறைக்க வந்தவனா அல்லவா என்று யோசியுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.