நைனிடால் ஏரியில் படகு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோடை வந்தால் நம் சங்கத்துக் குடும்பங்கள் நைனிடாலுக்குச் சென்று படகேறி வருவது வழக்கமாகிவிட்டது. பிழைப்பை நாடிப் பரேலிக்கு வந்த நமக்கு அண்மையிலுள்ள குளிர்மலை அதுவே. காத்கோதாம் வரை புகைவண்டி. அதற்கப்பால் மலைப்பாதையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இவ்வாண்டுச் சுற்றுலாவைப் பற்றி ஒரு கேள்வி எழுந்துள்ளது. நம்மவர் மட்டும் செல்வதா, அண்டை வீட்டாரையும் உடனழைத்துச் செல்வதா என்பதே அது. செயற்குழு இன்னும் முடிவு காணவில்லை. அதனை முன்னிட்டே அவ்வேரியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

கடல்மட்டத்திற்கு மேல் 1,900 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், மலைகள் சூழ அமைந்தது அவ்வேரி. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆழமோ மிகுதி. சதிதேவியின் கண் விழுந்த இடம் என்பது புராண மரபு. நயனம் என்ற சொல்லை நாமும் அறிவோமன்றோ? வடகரையில் நைனாதேவியின் கோயில் உள்ளது. குமாவுன் மக்கள் அந்நீரைத் தெய்வமாகப் போற்றி வந்தனர்.

1841ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தார் பாரன் என்னும் ஆங்கிலேயர். நமக்கு அடுத்த ஷாஜஹான்பூரில் சர்க்கரை வாணிகம் செய்தவர். மறு ஆண்டு ஒரு படகை மலைமேல் ஏற்றுவித்து ஏரியில் மிதக்கவிட்டார். அந்நிலம் தமக்குரியதென உரிமை கொண்டாடிய நர்சிங் என்னும் பெரியவரை அப்படகில் அமர்த்தி நடு ஏரிக்குக் கொண்டு சென்றாராம். உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும், இன்றேல் நீரில் இறங்க வேண்டும் என்று மிரட்டினாராம். நீந்தத் தெரியாத அப்பெரியவர் பாரனின் குறிப்புப் புத்தகத்திலேயே கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்பது இன்றும் வழங்கும் வரலாறு.

அதன்பின் அவ்வூர் ஆங்கிலேயர்க்கு இரண்டாந் தாயகமாயிற்று. ஐக்கிய மாகாணத்தின் கோடைத் தலைநகரும் ஆயிற்று. 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பெருமழையில் மலை சரிந்து 151 பேர் மாண்டனர். கோயிலும் அழிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. மண்சரிவு இந்தியர் ஐரோப்பியர் என்று பார்க்கவில்லை. ஆயினும் மனிதர் பார்த்தனர். ஏரிக்கரையில் மேற்சாலை வெள்ளையர்க்கு, கீழ்ச்சாலை இந்தியர்க்கு என வகுத்தனர். 1884ஆம் ஆண்டில் இருப்புப்பாதை காத்கோதாம் வந்தது. 1910ஆம் ஆண்டில் பாய்ப்படகுச் சங்கமும் தோன்றிற்று. அழகிய படகுகள், அழகிய போட்டிகள். இந்நாட்டார் பெரும்பாலும் கரையில் நின்றனர்.

அதே ஊரில் 1875ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜிம் கார்பெட். அஞ்சல் அதிகாரியின் மகன். புலி வேட்டையால் அவரை உலகம் அறியும். இருப்புப்பாதைத் தொழிலாளராகிய நாம் அவரை வேறொரு வகையில் அறிதல் தகும். மொகாமே கட்டத்தில், அகலப்பாதைச் சரக்கை மீட்டர்பாதைக்கு மாற்றும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் அவர். மலைமக்களின் மொழியை அவர்களைப் போலவே பேசியவர். அத்தகையவரும் 1947ஆம் ஆண்டில் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். வந்து வாழ்ந்த சமூகம் தன்னைச் சுற்றி வேலியிட்டுக்கொண்டால், அவ்வேலி விழும்போது நல்லவரும் நிற்க இடமின்றிப் போகிறார்.

இனிப் படகுக்கு வருவோம். நைனிடாலில் துடுப்பு வலிப்பவரைக் கூர்ந்து நோக்குங்கள். படகு செல்லும் திசைக்கு அவர் முதுகு காட்டி அமர்ந்திருப்பார். அவர் கண்ணுக்குத் தெரிவது விட்டுவந்த கரை ஒன்றே. அக்கரையில் ஒரு மரத்தைக் குறியாகக் கொண்டால் படகு நேராக ஓடும். ஆனால் எதிரே வரும் படகை அவர் காணார். அவ்வப்போது திரும்பிப் பார்த்தல் வேண்டும், அல்லது எதிரே அமர்ந்திருப்பவர் சொல்லுதல் வேண்டும்.

நம் நிலையும் அதுவே, அன்பர்களே. விட்டுவந்த தமிழ்க்கரையைக் கண்ணிற் கொண்டே இவ்வூரில் துடுப்பு வலிக்கிறோம். அதிற் குற்றமில்லை, அக்குறி இல்லையேல் நம் பிள்ளைகளின் படகு நேரே ஓடாது. அதற்காகவே இச்சங்கம். ஆயினும் முன்னே வருவதை நமக்குச் சொல்லவல்லவர் இவ்வூரார். நள்ளிரவில் நோயுற்றால் முதலில் கதவைத் திறப்பவர் அண்டை வீட்டாரே. படகில் அவர்க்கு இடமில்லை என்றால், பின் யாருக்கு இடம்?

ஆதலின் நம் விண்ணப்பம் மூன்று.

முதலாவது, குடும்பத்துக்கு ஒரு அண்டைக் குடும்பத்தையேனும் இவ்வாண்டு உடனழைத்துச் செல்வோம். புளியோதரையை அவர்கள் உண்ணட்டும். அவர்கள் கொணரும் பூரியை நாம் உண்போம்.

இரண்டாவது, உயிர்காப்புச் சட்டை அணியாத எவரையும், குழந்தையாயினும் பெரியவராயினும், படகில் ஏற்றலாகாது. ஒருவர் பின் ஒருவராக ஏறிப் படகின் நடுவே காலூன்றுக. ஓடும் படகில் எழுந்து இடம் மாறற்க. மலைகளுக்கிடையே காற்று திடீரெனத் திசை மாறும். கரைக்குத் திரும்புவோம் என்று படகோட்டி சொன்னால் கூலிக் கணக்குப் பேசாது திரும்புக. அந்நீரை அறிந்தவர் அவரே.

மூன்றாவது, ஏரியில் ஒரு காகிதமும் எறிதலாகாது. அவ்வூரார்க்குக் குடிநீர் தருவது அவ்வேரி. கழிவு சேர்ந்து அடிநீரில் உயிர்க்காற்றுக் குன்றியமையால், 2007ஆம் ஆண்டு முதல் குழாய்களின் வழியே காற்றைச் செலுத்தி வருகின்றனர். பிறர் பருகும் நீரில் நாம் விளையாடுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

அவ்வேரியில் மிதந்த முதற்படகு மிரட்டிக் கையெழுத்து வாங்கிற்று. நாம் ஏறும் படகில் இவ்வூரார் நம்மருகே விருப்புடன் அமரட்டும். செயற்குழு நல்ல முடிவு காணும் என நம்புகிறோம்.