வீட்டுக்குள் ஒரு நீச்சல் குளம்



சென்னையில் திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்றுத் தூரம் சென்றால் வருகிற கொட்டிவாக்கத்தில், சமுத்திரத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்த மணற்பாங்கான பூமியில், ஒரு கிரவுண்டோ இரண்டு கிரவுண்டோ மனை வாங்கி, வீட்டையும் கட்டி, பின்புறத்தில் கொஞ்சம் இடமும் மிச்சம் வைத்திருக்கிற குடும்பங்களில், சித்திரை வெயில் உறைக்கத் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விட்டுவிட்டால், ஒரு யோசனை எழுவதுண்டு. சும்மா கிடக்கிற அந்த இடத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டிக்கொண்டால் என்ன? அதற்கு ஆகிற செலவுக்குத் தகுந்த பிரயோஜனம் உண்டா? இந்தக் கேள்வியைத்தான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. நீந்தத் தெரிவது உயிரைக் காக்கும் வித்தை. முழங்கால் வலியால் நடக்க முடியாத முதியவர்களுக்குக்கூடச் சிரமமில்லாமல் செய்யக்கூடிய தேகப்பயிற்சி. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று யாரும் சமாதானம் சொல்லவும் இயலாது; ஏனென்றால் இந்தக் கரையில் அலையின் வேகமும், காலைப் பறித்து உள்ளே இழுக்கும் நீரோட்டமும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே பலிகொண்டிருக்கின்றன. கடலை வெல்ல நினைப்பவனும் முதலில் அமைதியான நீரில்தான் கையையும் காலையும் பழக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிறுவனாகிய குற்றாலீசுவரன் 1994-ஆம் ஆண்டில், தம்முடைய 13-ஆவது வயதில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்ததையும், ஒரே ஆண்டுக்குள் ஆறு கடற்பரப்புகளைக் கடந்து நீச்சல் வீரர் மிஹிர் சென்னின் பழைய சாதனையை மிஞ்சியதையும் கேட்ட ஒரு தலைமுறைப் பெற்றோர்கள், தங்கள் பிள்ளைகளும் நீச்சல் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் வியப்பொன்றும் இல்லை.

ஆசை நியாயமானதுதான். அதன் விலை என்ன என்பதைப் பார்ப்போம்.

குளம் கட்டித்தரும் கான்ட்ராக்டர் கொடுக்கிற மதிப்பீட்டில் மண் வெட்டுவது, கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவது, நீர் கசியாமல் பூசுவது, ஓடு பதிப்பது, பம்பு, வடிகட்டி, விளக்கு எல்லாம் வரிசையாக இருக்கும். கூட்டினால் பல லட்சம் வரும். அதைப்பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அந்த மதிப்பீட்டில் இடம்பெறாத செலவுகளே என் கவலை. 30 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள நடுத்தரமான ஒரு குளத்துக்கு, சுற்றிலும் நடைபாதை, வேலி, பம்பு அறை ஆகியவற்றையும் சேர்த்தால் 900 சதுர அடியாவது வேண்டும். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சதுர அடி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 90 லட்ச ரூபாய் பெறுமானமுள்ள பூமி அந்தக் குளத்தின் அடியிலும் கரையிலுமாக முடங்கிப்போகிறது. தண்ணீரைச் சுழற்றி வடிகட்டும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினமும் 6 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிட் செலவாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம்முடைய மின்சார முறையில் அது 300 யூனிட் கூடுதல். 500 யூனிட் என்ற வரம்பைத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே உயர்ந்துவிடும் என்பது குடித்தனம் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உப்புக்காற்றில் பம்பும் குழாய் இணைப்புகளும் ஏணியும் துருப்பிடிப்பதைக் கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த மூன்றையும்விடப் பெரிய செலவு தண்ணீர்.

நான் சொன்ன அந்தக் குளத்தின் ஆழம் சராசரியாக நாலரை அடி என்றால், அது கொள்ளும் நீர் சுமார் 57,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய ஐந்து லாரி. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்று நம் நாட்டில் வகுத்திருக்கும் அளவின்படி, நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் குடித்து, சமைத்து, குளித்து, துவைத்து நூறு நாட்களுக்கு மேல் காலம் தள்ளக்கூடிய நீர் அது. ஒருமுறை நிரப்பினால் போதுமே என்று நினைப்பவர்கள் சூரியனை மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் நீர் ஆவியாகப் போகிறது என்று கொண்டால், அந்தக் குளத்திலிருந்து தினமும் 200 லிட்டர் போய்விடும். வடிகட்டியை வாரம் ஒருமுறை எதிர்நீர் விட்டுக் கழுவும்போது 500 லிட்டராவது வெளியேறும். இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 8,000 லிட்டர் ஆகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் அந்த நஷ்டம் ஈடாகிவிடாதா என்று கேட்கலாம். அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டிக் குளத்தை நிரப்பி வழிந்துவிடுகிறது. சித்திரை வைகாசியில் நீர் வற்றும்போது வானத்தில் மேகமே இருப்பதில்லை.

அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கொட்டிவாக்கத்தில் பலரும் சொல்லும் பதில், கிணறு இருக்கிறது, போர் இருக்கிறது என்பதுதான். இந்தப் பதிலை நாம் ஆழ்ந்து பரிசீலிக்க வேண்டும்.

திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையில் கடலோரமாக உள்ள மணல்மேடுகளின் கீழே, மழைநீர் தலைமுறை தலைமுறையாக இறங்கித் தங்கி, நல்ல தண்ணீராக நிற்கிறது. கடலை ஒட்டிய இடங்களில் அந்த நல்ல தண்ணீருக்கு அடியில் இருப்பது கடல்நீர். உப்புநீர் கனமானது, நல்ல நீர் இலேசானது. ஆதலால் நல்ல நீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. ஹாலந்து தேசத்துப் பொறியாளர் பாடோன் கைபன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ்பெர்க் 1901-லும், ஒருவரையொருவர் அறியாமல் கண்டு சொன்ன கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரையில் நல்ல நீர் நிற்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் பயங்கரம் விளங்கும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை நாம் ஓர் அடி இறக்கிவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து 40 அடி உப்புநீர் ஏறி வரும். ஏறிய உப்பு, இறைத்தவர் வீட்டுக் கிணற்றோடு நிற்பதுமில்லை. மணலுக்குள் மதில் சுவர் கிடையாது. குளம் வைத்திருக்கிறவர் தம் போரில் உப்புக் கரிக்கும் காலத்தில் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வார். கொட்டிவாக்கம் குப்பத்தில் கைப்பம்பை நம்பிக் குடம் பிடிக்கிற பெண்மணி என்ன செய்வாள்?

அரசாங்கமும் இதை உணராமல் இல்லை. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரைக் காக்க 1987-இல் தனிச் சட்டமே வந்தது. 1991-இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடலின் உச்ச அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் முதல் 500 மீட்டர் வரையில், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் மட்டுமே, அதுவும் குடிநீர், தோட்டம், விவசாயம், மீன்பிடித் தொழில் ஆகியவற்றுக்காக மட்டுமே நீர் எடுக்கலாம் என்றது. நீச்சல் குளத்துக்கு அந்த வரிசையில் இடமிருக்கவில்லை.

2019-ஆம் ஆண்டு கோடையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, லாரியின் சத்தம் கேட்டவுடன் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்தது. அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த அந்த ரயில் முழுவதையும் கவிழ்த்தாலும், நாம் பேசிக்கொண்டிருக்கிற அளவில் 44 வீட்டுக் குளங்கள்கூட நிரம்பியிருக்காது. அதற்கு முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்ற நிலை வந்தபோது, வீட்டு நீச்சல் குளத்தைக் குடிநீரால் நிரப்புவதற்கே தடை இருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் காலியாகக் கிடக்கிற குளத்துக்கும் பராமரிப்புச் செலவு உண்டு.

காலிக் குளம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டிவாக்கத்து மணலில் ஐப்பசி மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் சில அடி ஆழத்துக்கே ஏறிவிடுகிறது. அந்தச் சமயத்தில் சுத்தம் செய்வதற்காகக் குளத்தை முழுவதும் இறைத்துவிட்டால், உள்ளே பாரமில்லாத அந்தக் கான்கிரீட் தொட்டி, சுற்றியுள்ள நீரால் தோணியைப்போல் மேலே தள்ளப்பட்டு, தரை வெடித்துக் குழாய்கள் முறிய ஏது உண்டு. இதற்கென்று அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு அடித்தளத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் குளத்தை ஒருபோதும் காலி செய்யக் கூடாது. அந்த வால்வு உண்டா என்பதே, பல லட்சம் போட்டுக் கட்டுகிறவர் மதிப்பீட்டில் கையெழுத்திடுவதற்கு முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே குளம் இருந்தால் பிள்ளை பத்திரமாக நீந்தலாம் என்று நினைக்கிறோம். நடக்கப் பழகிய ஒரு குழந்தை ஓசையின்றி நீரில் இறங்கி மூழ்குவதற்குச் சில நிமிஷங்களே போதும்; சினிமாவில் காட்டுவதுபோல் கூக்குரல் எழாது. நான்கு பக்கமும் நாலடிக்குக் குறையாத வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும், நீரில் பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் கண்ணை எடுக்காமல் பார்க்கிற பெரியவர் ஒருவரும் இல்லாத வீட்டில் குளம் கட்டவே கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நம்முடைய முன்னோர்களும் குளம் வெட்டினார்கள். பக்கத்திலுள்ள திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை அதில் வந்து சேர்ந்தது. சேர்ந்த நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுத்தெருக் கிணறுகளில் ஊறியது. நாம் கட்டுகிற நீச்சல் குளமோ, ஒரு சொட்டுக்கூடப் பூமிக்குள் போகாதபடி பூசி அடைக்கப்பட்டது; அதன் மேற்பரப்பில் விழும் மழைக்கும் மணலுக்குள் வழியில்லை. மாறாக, 1,500 சதுர அடி மாடியில் ஓர் ஆண்டில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஒன்றரை லட்சம் லிட்டர் நீரைக் கிணற்றுக்குள் இறக்கலாம். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-இல் கட்டாயமாக்கியபோது அதன் பலனை முதலில் கண்டவர்களில், நீரை உடனே உறிஞ்சும் மணல்பூமியில் குடியிருந்த இந்தக் கடலோரவாசிகளும் உண்டு.

ஆகவே, கொட்டிவாக்கத்தில் ஒரே குடும்பத்துக்கென்று தனி நீச்சல் குளம் கட்டுவது அதன் செலவுக்குத் தகாது என்பதே என் முடிவு. நூறு குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பொதுக்குளம் இருப்பதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். பங்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் நீர் அற்பமே. ஏற்கெனவே தனிக்குளம் கட்டிவிட்டவர்கள் உபயோகமில்லாத நேரமெல்லாம் அதை மூடிவைத்தால், ஆவியாவதில் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

பிள்ளைகள் நீச்சல் கற்பதற்கு வழி இருக்கிறது. 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் கொட்டிவாக்கத்திலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. மெரினாவில் மாநகராட்சியின் குளமும் உண்டு. இவை போதா என்றால், 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட கொட்டிவாக்கத்துக்கும், அதையடுத்த பாலவாக்கத்துக்கும் பொதுவாக ஒரு நீச்சல் குளம் வேண்டுமென்று குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுகூடி மனுக் கொடுக்கட்டும். குப்பத்துப் பிள்ளைகளும் அதில் கட்டணமில்லாமல் கற்க வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதட்டும். அது கட்டி முடியும்வரை காத்திராமல், இந்தக் கோடை விடுமுறையிலேயே உங்கள் பிள்ளைகளை வேளச்சேரிக்கு அழைத்துச் சென்று நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.